டீப்நெஸ்ட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

"அண்ணா, கீழ விழுந்துட்டேன். மேல ஏற வழியே தெரியல."

'ஹாலோ நைட்' ஆடத் தொடங்கும் யாராவது ஒருவரிடமிருந்து எனக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் வரும். எங்கே விழுந்தாய் என்று நான் கேட்பதே இல்லை. கேமின் இருண்ட ஏரியாவான டீப்நெஸ்ட்தான். வேறெங்கே விழுந்தாலும் இவ்வளவு பரிதாபமாக யாரும் மெசேஜ் அனுப்ப மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். இனிமேல் லிங்க் மட்டும் அனுப்பலாம்.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: ஹாலோ நைட், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சின்னஞ்சிறு குழு செய்த கேம். ஆரி கிப்ஸன், வில்லியம் பெல்லன் இருவரும்தான் மூளை. 2014 கடைசியில் கிக்ஸ்டார்ட்டரில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார்கள், 57,000 சொச்சம் வந்தது. 2017 பிப்ரவரியில் கேம் வெளியானது. ஹாலோநெஸ்ட் என்ற அழிந்துபோன பூச்சிகளின் ராஜ்ஜியத்துக்குள் கையில் ஓர் ஆணியை வாளாகப் பிடித்துக்கொண்டு இறங்கும் குட்டிப் பூச்சி நீங்கள். எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்புக்குறி கிடையாது, 'அடுத்த இலக்கு' என்று மூலையில் மினுக்கும் எழுத்தும் கிடையாது. நீங்களாகச் சுற்றித் திரிந்து கண்டுபிடிக்க வேண்டும்.

பாஸிடம் தோற்பதும் ஏரியாவில் தொலைவதும் ஒரே கடுப்பு இல்லை. பாஸிடம் அடி வாங்கிச் செத்தால் யார் அடித்தது, எப்படி அடித்தது என்று தெரியும். அடுத்த முறை அந்த அடிக்கு மட்டும் விலகினால் போதும். மான்டிஸ் லார்ட்ஸ் என்ற பாஸ்களிடம் எத்தனை பேர் எத்தனை தடவை தோற்றிருப்பார்கள்! ஆனாலும் அவர்களைத் திட்டி ஒருவரும் எழுதுவதில்லை, கடைசியில் மரியாதைதான் வருகிறது. ஏரியாவில் தொலைவது வேறு. சரியான பாதையில்தான் போகிறோமா என்பதே தெரியாது. இந்த இடத்துக்கு இப்போது வந்திருக்கவே கூடாதோ, ஏதோ ஒரு திறனை எடுக்காமல் வந்துவிட்டோமோ என்ற சந்தேகம் அரித்துக்கொண்டே இருக்கும். செத்தால்கூட எதைத் திருத்திக்கொள்வது என்று தெரியாது.

ஆக, மோசமான ஏரியா உங்களிடமிருந்து பிடுங்குவது உயிரை இல்லை, தகவலை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கடுப்பு குறையும்.

இந்த கேமில் தகவல் எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். புதிய ஏரியாவுக்குள் நுழைந்தால் மேப் இருக்காது. கார்னிஃபர் என்ற மேப் வரைபவர் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து முனகலாகப் பாடிக்கொண்டிருப்பார். அவர் உதறிப்போட்ட காகிதங்கள் தரையில் சிதறிக் கிடக்கும். காகிதம் கண்ணில் பட்டு, பாட்டுச் சத்தமும் காதில் விழுந்தால் ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். அவர் விற்பதும் அரைகுறை மேப்தான். மீதியை நீங்களே நடந்து பார்த்து, ஆங்காங்கே இளைப்பாறக் கிடைக்கும் பெஞ்சில் உட்காரும்போதுதான் அது மேப்பில் ஏறும். அதற்கும் இறகுப் பேனா வேண்டும். டர்ட்மவுத் என்ற ஊரில் கார்னிஃபரின் மனைவி இசெல்டா 120 ஜியோவுக்கு (அதுதான் கேமின் பணம்) விற்பார். மேப்பில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும் திசைகாட்டித் தாயத்து 220 ஜியோ. அதையும் மாட்டிக்கொண்டால் தாயத்து மாட்டும் குழிகளில் ஒன்று போய்விடும். ஆரம்பத்தில் இருப்பதே மூன்று குழிகள்தான். தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்குக்கூட விலை வைத்த கேம் இது.

இவ்வளவு கஞ்சத்தனமாகக் கொடுத்த தகவலையும் டீப்நெஸ்ட் திரும்பப் பறித்துக்கொள்கிறது.

டீப்நெஸ்ட்டுக்குள் போக நேர்வழி, மான்டிஸ் லார்ட்ஸை வென்று அவர்கள் கிராமத்துக்குக் கீழே திறக்கும் கதவு வழியாகப் போவது. பலரும் போவது அப்படி இல்லை. ஃபங்கல் வேஸ்ட்ஸ் என்ற ஏரியாவில் ஓரிடத்தில் காலடியில் தரை உடையும். இருட்டுக்குள் விழுந்துகொண்டே இருப்பீர்கள். விழுந்த இடத்தில் மேப் இல்லை, பெஞ்ச் எங்கே என்று தெரியாது, வந்த வழியே ஏறவும் முடியாது. அதுவரை பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று ஏரியாவுக்கு ஒரு நிறம் வைத்திருந்தவர்கள் இங்கே கறுப்பை மட்டும் கொட்டியிருக்கிறார்கள். சிட்டி ஆஃப் டியர்ஸ் ஏரியாவில் மழையோடு பெண்குரல் கலந்த இசையை நெகிழ நெகிழக் கொடுத்த இசையமைப்பாளர் கிறிஸ்டோஃபர் லார்க்கின், இங்கே மெட்டு என்று சொல்ல எதுவுமே கொடுக்கவில்லை. சுவருக்குள் நிறையக் கால்கள் ஓடும் சத்தம்தான் இசை. ஹெட்போன் போட்டு ஆடினால் தோளைச் சிலுப்பிக்கொண்டே ஆட வேண்டியிருக்கும். மின்வெட்டு ராத்திரியில் புதிய வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது போல ஒவ்வொரு அறையிலும் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்வோம்.

அங்கே ஒரே ஒரு எதிரியை மட்டும் சொல்கிறேன். கேமின் ஆரம்பத்திலிருந்தே பார்த்துப் பழகிய, தள்ளாடி நடக்கும் சாதாரண பூச்சிப் பிணம் ஒன்று எதிரே வரும். இதுவாவது தெரிந்த ஆள் என்று தைரியமாக நான்கு அடி போடுவீர்கள். விழுந்துவிடும். நீங்கள் அடுத்த பக்கம் திரும்பும்போது பிணத்தின் உடலைக் கிழித்துக்கொண்டு நீளநீளமான கால்கள் வெளியே வரும். எழுந்து உங்களை நோக்கி ஓடிவரும். தெரிந்ததைக்கூட நம்பக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இது போதாதென்று தரைக்குள்ளிருந்து வேறொன்று பிளந்துகொண்டு பாயும்.

இங்கே பெரும்பாலானோர் செத்துச் செத்து வெறுத்துப்போவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆணியால் ஒரு அடி அடித்தால் 11 அளவு ஆன்மா சேரும். ஒரு முகமூடி, அதாவது ஓர் உயிர்ப்புள்ளி, மீட்க 33 வேண்டும். மூன்று அடிக்கு ஒரு உயிர். மீட்கும்போது அசையாமல் நிற்கவும் வேண்டும். செத்துவிட்டால் கையில் இருந்த ஜியோ அத்தனையும் உங்கள் நிழலோடு செத்த இடத்திலேயே தங்கிவிடும். ஆன்மாக் குடுவையிலும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நிழலைத் தேடிப் போகும் வழியில் இன்னொரு முறை செத்தால் பழைய ஜியோ போயே போய்விட்டது. ஆகவே எல்லோரும் என்ன செய்கிறார்கள்? நிழலை மீட்கும் அவசரத்தில், பழக்கமில்லாத இருட்டுக்குள், குறைந்த ஆன்மாவோடு ஓடுகிறார்கள். மறுபடி சாகிறார்கள். கடுப்பு இங்கேதான் கொதிநிலைக்குப் போகிறது.

இதற்கு என் முதல் மருந்து: உள்ளே போகும் முன்னால் பணத்தையெல்லாம் செலவழித்துவிடுங்கள். கையில் ஜியோ இல்லையென்றால் இழக்க எதுவுமில்லை. முதலில் வியாபாரி ஸ்லையின் கடையில் 1800 ஜியோவுக்கு இருக்கும் லூமாஃப்ளை விளக்கு. விலை கண்ணைக் கட்டும், தெரியும். ஆனால் இந்த கேமில் கொடுத்த காசுக்கு முழு மதிப்பு உள்ள பொருள் அதுதான். மீதி இருந்தால் இசெல்டாவிடம் மேப்பில் குத்தும் குறிகள் வாங்குங்கள். திரும்பி வர வேண்டிய இடங்களை அவற்றால் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஜெயிக்கப் போகாதீர்கள், வேவு பார்க்கப் போங்கள். 'இந்த முறை இடது பக்கச் சுரங்கம் எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கப்போகிறேன்' என்று ஒரு சின்ன வேலையோடு போங்கள். பார்த்தாயிற்றா, அந்தப் பயணம் வெற்றி. அதற்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை. நான் பார்த்தவரை, டீப்நெஸ்ட்டைத் தாண்டியவர்கள் கைவேகம் உள்ளவர்கள் என்றில்லை. சாவைப் பற்றிக் கவலைப்படாமல் போய் வந்தவர்கள்.

மூன்றாவது ரொம்பப் பேருக்குத் தெரியாது. கேமை நிறுத்தி 'சேவ் செய்து வெளியேறு' கொடுத்துவிட்டு மறுபடி திறந்தால், கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில் இருப்பீர்கள். எடுத்த பொருளோ கையில் இருக்கும் ஜியோவோ எதுவும் போகாது. விழுந்துவிட்டேன் என்று நள்ளிரவில் மெசேஜ் அனுப்புபவர்களுக்கு நான் கொடுக்கும் பதிலே இதுதான். ஆனால் ஒரு நிபந்தனை. டீப்நெஸ்ட்டுக்குள்ளேயே ஏதாவது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் அங்கேதான் கண் விழிப்பீர்கள். வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் இருக்கிறது. அந்த வெந்நீரில் நின்றால் ஆன்மாவும் உயிரும் இரண்டும் நிரம்பும். டீப்நெஸ்ட்டில் மனிதாபிமானம் உள்ள ஒரே மூலை அது. அங்கே உட்காருவதற்கு முன்னால் 'இனி இங்கேயே தங்கி முடிக்கப் போகிறேனா, இல்லை மேலே போகப் போகிறேனா' என்று முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் தங்குங்கள் என்பேன். கார்னிஃபர்கூட இந்த ஏரியாவில் வெடவெடத்துப்போய்த்தான் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்து மேப் வாங்கிய பிறகு இடம் சட்டென்று சிறுத்துவிடும்.

பெஞ்ச் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இதுவரை கேமை ஆடாதவர்கள், ரசித்து அதிர்ச்சியடைய விரும்புபவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

டீப்நெஸ்ட்டின் ஒரு கோடியில் ஒரு கிராமம். முதல் தடவையாக யாரும் உங்களைத் தாக்குவதில்லை. வீட்டுக்குள் போகிறீர்கள். பூச்சிகள் வரிசையாக நின்று 'வா, களைத்திருப்பாய், உட்கார்' என்கிற தொனியில் பேசுகின்றன. நடுவில் ஒரு பெஞ்ச். அத்தனை நேரம் பெஞ்சுக்காக ஏங்கிச் செத்தவர் என்ன செய்வார்? ஓடிப்போய் உட்காருவார். உட்கார்ந்ததும் சுற்றி வளைக்கப்பட்டு, கண் விழிக்கும்போது வலையால் சுற்றிக் கட்டப்பட்டுக் கிடப்பார். இந்த கேமில் 'இங்கே பத்திரம்' என்று சொல்லும் ஒரே அடையாளம் பெஞ்ச்தான். அதையே பொறியாக மாற்றியதை நான் குரூரம் என்று சொல்ல மாட்டேன். மணிக்கணக்காக ஒரு ஏரியாவில் உங்களைப் பசியாகக் கிடக்கவைத்து, பிறகு அந்தப் பசியையே தூண்டிலாக்கியிருக்கிறார்கள். டீப்நெஸ்ட்டின் வலி முழுவதும் இந்தக் காட்சிக்கான முன்னுரை. அதனால்தான் அந்த ஏரியாவை நான் மோசமான வடிவமைப்பு என்று ஒப்புக்கொள்வதில்லை. தகவலைப் பிடுங்கினார்கள், ஆனால் காரணத்தோடு பிடுங்கினார்கள்.

எல்லாக் கேமும் இந்த அளவுக்கு யோசித்துச் செய்தவை அல்ல. 2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்' ஆடியவர்கள் அதிலுள்ள பிளைட்டவுன் ஏரியா என்றாலே முகம் சுளிப்பார்கள். அதன் இயக்குநர் மியாசாகிக்கு விஷச் சதுப்பு என்றால் அப்படி ஒரு பிரியம், அவர் கேம் என்றால் ஒரு சதுப்பு நிச்சயம். பிளைட்டவுனில் பாதி கடுப்பு வடிவமைப்பால் வந்தது, மீதி பாதி இயந்திரத்தால். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360இல் அந்த இடத்துக்குப் போனாலே படம் திக்கித் திணறும். விளிம்பில் பலகைமேல் நடக்கும்போது படம் திணறினால் யாரைக் குற்றம் சொல்வது? ஆனால் அங்கேயும் தகவல்தான் காப்பாற்றும். ஊதுகுழலால் விஷ அம்பு விடுபவர்களை ஒருமுறை கொன்றால் மறுபடி வர மாட்டார்கள் என்று தெரிந்தவர் நிதானமாக ஒவ்வொருவராகக் காலிசெய்துகொண்டு இறங்குவார். தெரியாதவர் அம்புக்குப் பயந்து ஓடுவார், ஓடினால் விழுவார். அடியில் சதுப்பின் ஓரம் ஒரு சாக்கடைக் குழாய்க்குள் நெருப்பு மூட்டி ஓய்வெடுக்கும் இடம் ஒளிந்திருக்கிறது. அது தெரிந்தால் பிளைட்டவுன் பாதியாகிவிடும். ஆரம்பத்திலேயே மாஸ்டர் கீயைத் தேர்ந்தெடுத்தவர்கள் நியூ லண்டோ, வேலி ஆஃப் ட்ரேக்ஸ் வழியாக வந்து மேல் அடுக்கையே தொடாமல் போய்விடலாம். இரண்டாம் முறை ஆடுபவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஓர் ஏரியாவைத் தாண்டிப் போக எல்லோரும் குறுக்குவழி தேடினால் அந்த ஏரியாவைப் பற்றி அதைவிடக் கறாரான விமர்சனம் வேண்டியதில்லை.

ஹாலோ நைட்டுக்கே திரும்பினால், வைட் பேலஸ் என்று இன்னொரு இடம் உண்டு. டீப்நெஸ்ட்டுக்கு நேர் எதிர். எல்லாம் வெள்ளை, எல்லாம் பளிச். மேப் கிடையாது, ஆனால் தேவையும் இல்லை. சுற்றிச் சுழலும் ரம்ப வட்டுகளுக்கும் முள்ளுக்கும் நடுவே தாவ வேண்டும், ஆணியால் கீழ்நோக்கி அடித்து ரம்பத்தின் மேலேயே எகிறிக் கடக்க வேண்டும். இங்கே பிரச்சினை முழுக்க விரல்களில். தவறினால் ஒரு முகமூடி போகும், உடனே பக்கத்துத் திண்ணையில் நிறுத்திவிடுவார்கள். கனவு உலகம் என்பதால் செத்தாலும் ஜியோ போகாது. இதனால்தான் கடினத்தில் டீப்நெஸ்ட்டை மிஞ்சியது என்றாலும் இங்கே எனக்குக் கடுப்பு வருவதில்லை. எது தவறு என்று உடனே தெரிகிறது, உடனே மறுபடி முயலலாம். மாட்டிக்கொண்டால் ஹைவ்ப்ளட் தாயத்தை மாட்டுங்கள். நான்கு குழி பிடிக்கும், ஆனால் கடைசியாக இழந்த முகமூடி கொஞ்ச நேரம் சும்மா நின்றாலே திரும்ப வந்துவிடும். தாவுங்கள், அடிபடுங்கள், நில்லுங்கள், ஒரு வாய் காபி குடியுங்கள், மறுபடி தாவுங்கள். அவசரமே இல்லை.

அதே மாளிகைக்குள் 'பாத் ஆஃப் பெயின்' என்று ஒன்றை 2017 அக்டோபரில் இலவச விரிவாக்கத்தோடு சேர்த்தார்கள். முடித்தால் கிடைப்பது ஒரு சின்னக் காட்சி. முடிக்காவிட்டாலும் கதைக்கு ஒன்றும் குறையாது. வீராப்புக்காகப் போவதென்றால் போங்கள்.

2025 செப்டம்பர் 4 அன்று ஹாலோ நைட்டின் தொடர்ச்சியான 'சில்க்ஸாங்' வந்தது. அன்று ஸ்டீம் கடையே கூட்டம் தாங்காமல் திணறியது. ஏறக்குறைய ஏழு வருடம் காத்திருந்துவிட்டதால் குறை சொன்னாலே சண்டைக்கு வருகிறார்கள், ஆனாலும் சொல்கிறேன். அதில் பைல்வாட்டர் என்ற ஏரியா, டீம் செர்ரி தன் சொந்தப் பாடத்தையே மறந்த இடம். அழுக்குத் தண்ணீரில் விழுந்தால் உடம்பில் புழு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருக்கும்வரை உயிரை மீட்க முடியாது. சுற்றிலும் பொறிகள், மறைந்திருந்து தாக்குபவர்கள். இதெல்லாம் சரி, சதுப்பு என்றால் அப்படித்தான். ஆனால் உதவும் பெஞ்சை ரகசியச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, பாஸிடம் செத்தால் அந்த நீண்ட வழியை மறுபடி மறுபடி நடக்கவைப்பது எதற்கு? டீப்நெஸ்ட்டில் ஒவ்வொரு முறை போகும்போதும் புதிதாக ஏதாவது தெரியவரும். பைல்வாட்டரில் வழியை ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்தவரைத்தான் மறுபடி நடக்கவிடுகிறார்கள். தகவலே இல்லாத தண்டனை அது. அங்கே மாட்டியவர்களுக்கு என் ஆலோசனை நேரடியானது: சுவர்களை அடித்துப் பாருங்கள், அந்த பெஞ்சைக் கண்டுபிடிக்கும்வரை பாஸைத் தொடாதீர்கள். இணையத்தில் பார்த்துக் கண்டுபிடித்தாலும் ஒரு பாவமும் இல்லை.

'வழிகாட்டியைப் பார்ப்பது ஏமாற்று' என்பவர்கள் இருக்கிறார்கள். என் அளவுகோல் இதுதான்: தெரியாதது சுவாரசியமாக இருக்கும்வரை பார்க்காதீர்கள், வெறும் எரிச்சலாக மாறியதும் பாருங்கள். பார்க்கும்போதும் முழு மேப்பையும் திறந்து வைத்துக்கொள்ளாமல் பெஞ்ச் எங்கே, கார்னிஃபர் எங்கே என்ற இரண்டை மட்டும் பாருங்கள். மீதியை நீங்களே கண்டுபிடிக்கலாம். டீப்நெஸ்ட்டில் உங்கள் உருவத்திலேயே ஒருவன் தூரத்தில் ஓடுவதைப் பார்ப்பீர்கள். அவனைப் பின்தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்த கேம் வாங்கிய காசு வீண்.

கடைசியாக ஒன்று. புதிதாக ஆரம்பித்து, இன்னும் ஃபங்கல் வேஸ்ட்ஸிலேயே இருப்பவரா? தரை உடைவதற்கு முன்னால் மேலே போய் விளக்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே விழுந்துவிட்டீர்கள் என்றால் சேவ் செய்து வெளியே வாருங்கள், தூங்குங்கள், எனக்குக் காலையில் மெசேஜ் அனுப்புங்கள்.